டச்சு மொழியில் ‘கெ’ வடிவமும் விட்டுப்போன சொல்லும்: எங்கே தப்பு, எப்படிச் சரிசெய்வது

நெதர்லாந்தின் எய்ன்ட்ஹோவனில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் பல வருடமாக டச்சுக் கடிதங்களைத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நகராட்சிக்கு ஒரு பதில், பள்ளிக்கூடத்துக்கு ஒரு விடுப்புக் கடிதம், குடியமர்வுத் தேர்வுக்காக எழுதிப் பார்த்த ஒரு தாள் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். கொண்டுவருகிற ஆட்கள் மாறுகிறார்கள், தப்புகள் மாறுவதில்லை. முக்கால்வாசி இரண்டே இடத்தில்தான் விழுகின்றன. முடிந்துபோன வேலையைச் சொல்லும், பெரும்பாலும் ‘கெ’ என்று தொடங்கும் வினைவடிவம் ஒன்று. டச்சு வகுப்பில் இதை வோல்தோய்ட் டேல்வோர்ட் என்பார்கள், இங்கே சுருக்கமாக ‘முடிவு வடிவம்’ என்கிறேன். திரும்ப வரும் சொல்லை விட்டுவிட்டு எழுதுவது மற்றொன்று. அதற்கு ஸாமென்த்ரெக்கிங் என்று பெயர்.

தொடங்கும் முன் ஓர் ஏற்பாடு. தமிழில் ‘ட’ என்ற ஒரே எழுத்தை இரண்டு ஒலிக்கும் வைத்துக்கொள்கிறோம். இந்தக் கோளாறோ அந்த இரண்டையும் பிரிப்பதில்தான் இருக்கிறது. அதனால் டச்சின் ‘டே’ எழுத்தை ட் என்றும் ‘தே’ எழுத்தை த் என்றும் எழுதியிருக்கிறேன். சொல்லின் கடைசி எழுத்தை மட்டும் காதில் விழுகிறபடி எழுதவில்லை, டச்சுக்காரர் தாளில் எழுதுகிறபடி எழுதியிருக்கிறேன். ‘கெ’ என்று வரும் இடத்தில், ‘அகம்’ என்று சொல்லும்போது நடுவில் வரும் ககரத்தைப் போலத் தொண்டையில் உரசிச் சொல்லுங்கள்.

## கடைசியில் டேயா தேயா என்று தெரியவில்லை

வாக்கியம் சரி, சொல்லும் சரி, கடைசி எழுத்து மட்டும் சிவப்பு மையில் அடிபட்டு வருகிறது என்றால் உங்கள் இடம் இதுதான்.

முதலில் காதை ஒதுக்கி வையுங்கள். டச்சில் சொல்லின் கடைசியில் வரும் டே, வாயில் தே ஆகிவிடும். கெவெர்க்த் (வேலை செய்த), கெவோன்ட் (குடியிருந்த) இரண்டும் காதில் ஒரே முடிவாகத்தான் விழும். எத்தனை தடவை கேட்டாலும் அதில் விடை இல்லை.

விடை முழு வினையில் இருக்கிறது. அகராதியில் இருப்பதுபோல ‘என்’ முடிவோடு அதை எழுதிக்கொள்ளுங்கள். அந்த ‘என்’னை வெட்டுங்கள். மிச்சத்தின் கடைசி எழுத்து என்ன என்று பாருங்கள்.

வெர்க்கென் என்பதில் வெட்டினால் ‘கா’ எழுத்து மிஞ்சும். ஃபீத்ஸென் (சைக்கிள் ஓட்டு) என்பதில் ‘எஸ்’. வோனென் என்பதில் னகரமான ‘என்’ எழுத்து, பெல்லென் (போன் செய்) என்பதில் ‘எல்’. மிஞ்சிய எழுத்து தே, கா, எஃப், எஸ், சே-ஹா, பே இவற்றில் ஒன்றாக இருந்தால் முடிவில் தே. வேறு எதுவாக இருந்தாலும் டே. கெவெர்க்த், கெஃபீத்ஸ்த். கெவோன்ட், கெபெல்ட். அவ்வளவுதான் விதி.

டச்சுப் பள்ளிகளில் இந்த எழுத்துகளை நினைவில் வைக்க ‘த் கோஃப்ஸ்கிப் என்று ஒரு சொல்லைச் சொல்லித் தருவார்கள். கோஃப் என்பது பழைய காலத்துச் சரக்குப் பாய்க்கப்பல். அதில் உள்ள உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டால் மேலே சொன்ன ஆறும் கிடைக்கும். வெளிநாட்டவருக்குக் கப்பல் ஒட்டவில்லை என்று ‘ஸாஃப்த் கெச்சப்’ என்றும் சொல்லித் தருகிறார்கள், அதிலும் அதே எழுத்துகள்தான். நம்மவர்களுக்கு நான் வேறு வழியில் சொல்வேன். நன்னூல் படித்தபோது இறந்தகால இடைநிலை த், ட், ற், இன் என்று மனப்பாடம் செய்தோமே, செய் என்றால் செய்த, உண் என்றால் உண்ட, தின் என்றால் தின்ற. முன்னால் நிற்கும் எழுத்துதான் பின்னால் வருவதைத் தீர்மானிக்கிறது. டச்சும் அதையேதான் செய்கிறது, இரண்டே எழுத்தை வைத்துக்கொண்டு. இப்படிச் சொன்ன பிறகு முகம் தெளிவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

விதி தெரிந்தும் தப்பு வருகிறதா? அப்படியானால் பெரும்பாலும் இந்த இடம்: லேவென் (வாழ்), வெர்ஹைஸென் (வீடு மாறு). லேவென்னில் ‘என்’னை வெட்டினால் ‘வே’ மிஞ்சும், வெர்ஹைஸென்னில் ‘ஸெத்’ மிஞ்சும். இரண்டும் பட்டியலில் இல்லை, ஆகவே முடிவு டே. ஆனால் எழுதும்போது டச்சு எழுத்துமுறை அந்த ‘வே’யை ‘எஃப்’ ஆகவும் ‘ஸெத்’தை ‘எஸ்’ ஆகவும் மாற்றிவிடுகிறது. தாளில் எஃப்பைப் பார்த்ததும் கை தானாகத் தே போட்டுவிடும். சரியான வடிவங்கள் கெலேஃப்ட், வெர்ஹைஸ்ட். மாறுவதற்கு முன்பு இருந்த எழுத்தைத்தான் பார்க்க வேண்டும், மாறிய பிறகு இருப்பதை அல்ல. இந்த ஒரு வரியைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாலும் தகும்.

வெட்டிய பிறகு மிஞ்சுவதே தே அல்லது டே என்றால் இன்னொன்று சேர்க்க வேண்டாம். ப்ராத்தென் (பேசு) என்பதற்கு கெப்ராத், வாக்தென் (காத்திரு) என்பதற்கு கெவாக்த், ஆன்த்வோர்டென் (பதில் சொல்) என்பதற்கு கெஆன்த்வோர்ட். டச்சில் ஒரு சொல் இரட்டைத் தே, இரட்டை டே என்று முடிவதில்லை.

ஆங்கிலத்திலிருந்து வந்த வினைகள் தனி. அங்கே எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பார்க்க வேண்டும். அப்டேட் செய்வதற்கு முடிவு வடிவம் கெஅப்டேதெத். ஆங்கிலத்தின் ஏகார எழுத்து அப்படியே நின்று, அதன்மேல் ஒரு தே ஏறும். டவுன்லோட் செய்வதற்கு கெடவுன்லோட், மேலே எதுவும் ஏறாது. வாட்ஸாப்பில் செய்தி அனுப்புவதற்கு கெஆப்த், இரண்டு ‘பே’யும் ஒரு தேயும் எழுத வேண்டும். அலுவலக மின்னஞ்சல்களில் இவைதான் அதிகம் வரும், அதனால் இந்த மூன்றையாவது கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. டச்சு ஆசிரியர்கள் ‘சொல்லை நீட்டிப் பார்’ என்பார்கள். சம்பளச் சீட்டில் ‘கெவெர்க்தெ யூரென்’ என்று இருக்கும், வேலை செய்த மணிநேரம். சொல்லின் பின்னால் ஒரு எகரம் வந்ததும் உள்ளே இருக்கும் தே வெளியே தெரிந்துவிடும். ‘பெதால்டெ ரேகெனிங்’, கட்டிய பில், இதில் டே கேட்கும். நல்ல சோதனைதான், ஆனால் நீட்டிச் சொல்வது ஒரு டச்சுக்காரராக இருக்க வேண்டும். நம் வாயில் இரண்டு உயிருக்கு நடுவே அகப்படும் வல்லினம் தானாகவே தணிந்துவிடும். ‘பாட்டு’வில் இருக்கும் டகரமும் ‘பாடு’வில் இருக்கும் டகரமும் ஒன்றாகவா ஒலிக்கின்றன? நாமே நீட்டிச் சொல்லி நாமே கேட்டால் எல்லாமே டேயாகத்தான் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், காசு செலவில்லை.

## இரண்டு எழுத்துமே அகராதியில் சரி என்கிறது, ஆனாலும் தப்பு என்கிறார்கள்

எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா நகராட்சிக்கு எழுதிய கடிதத்தை ஒருநாள் கொண்டுவந்தார். வரி கட்டியாகிவிட்டது, மறுபடி நினைவூட்டல் வந்திருக்கிறது, அதற்குப் பதில். ‘இக் ஹெப் டெ ரேகெனிங் ஆல் பெதால்த்’ என்று எழுதியிருந்தார். பில்லை ஏற்கெனவே கட்டிவிட்டேன் என்று பொருள்.

“தம்பி, பெதால்த் சரிதானே? கம்ப்யூட்டர்ல சிவப்புக் கோடே வரல.”

“அக்கா, அந்தச் சொல் இருக்குது. ஆனா இந்த இடத்துக்கு அது இல்ல. முன்னாடி ஹெப் இருக்கா பாருங்க.”

கட்டைவிரலால் பெதால்த் என்ற சொல்லை மறைத்தேன். “இதுக்குப் பதிலா சாப்பிடுறதுன்னு வச்சுச் சொல்லுங்க.”

“இக் ஹெப்... கெகேதென்.”

“கெகேதென்னு வந்துச்சுல்ல? ஏத்னு வரலையே. அப்ப இது முடிவு வடிவம். டேதான்.”

பென்சிலை எடுத்து தேயை அடித்து டே போட்டார். அதற்குப் பிறகு அந்தத் தப்பை அவர் செய்து நான் பார்க்கவில்லை.

பெதால்த் என்றால் ‘கட்டுகிறார்’. பெதால்ட் என்றால் ‘கட்டிய’. ஒலி ஒன்றுதான். கெப்யோர்த் (நடக்கிறது), கெப்யோர்ட் (நடந்த) என்பதும் அப்படியே. வெர்தெல்த், வெர்தெல்ட் (சொல்), வெர்ஆன்டெர்த், வெர்ஆன்டெர்ட் (மாறு) என்று இந்த ஜோடிகள் நீளும். கெ, பெ, வெர் போன்ற முன்னொட்டோடு தொடங்கும் வினைகளில்தான் இது வரும், ஏனென்றால் அவற்றுக்கு முன்னால் இன்னொரு கெ ஏறுவதில்லை. எழுத்துத் திருத்தும் மென்பொருள் பல நேரம் இதைப் பிடிக்காது, இரண்டுமே அதற்கு உண்மையான சொற்கள். டச்சுக்காரர்களே இந்தக் குழப்பத்தில் விழுகிறார்கள், அதற்கு டேதே-ஃபௌத் என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

எளிதான சோதனை: அதே வாக்கியத்தில் ஹெப், ஹேஃப்த், ஹாட், பென், இஸ், வாஸ், வோர்ட்த், வெர்ட் இவற்றில் ஒன்று துணைவினையாக இருக்கிறதா? இருந்தால் முடிவு வடிவம்தான். அதிலும் சந்தேகம் தீராவிட்டால் அக்காவுக்குச் செய்த கட்டைவிரல் சோதனை. ஏதென் (சாப்பிடு) என்ற வினையை அந்த இடத்தில் வையுங்கள். கெகேதென் பொருந்தினால் முடிவு வடிவம், ஏத் பொருந்தினால் நிகழ்காலம். வாக்கியத்தின் பொருள் கோணலாகப் போகும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

## கெ வேண்டாத இடத்தில் வந்துவிட்டது, வேண்டிய இடத்தில் இல்லை

முதல் சோதனை முன்னொட்டு. பெ, கெ, எர், ஹெர், ஓன்த், வெர் இந்த ஆறும் அழுத்தம் இல்லாமல் சொல்லின் தலையில் நின்றால் கெ வராது. பெதால்ட், கெப்ரைக்த் (பயன்படுத்திய), எர்வாரென் (அனுபவித்த), ஹெர்ஹால்ட் (திரும்பச் செய்த), ஓன்த்மூத் (சந்தித்த), வெர்தெல்ட்.

இரண்டாவது சோதனை, வினை பிரிகிறதா என்பது. ஓப்பெல்லென் (போனில் அழை), அய்த்னோடிகென் (அழைப்பு விடு), மேநேமென் (கூடக் கொண்டுபோ) போன்றவற்றில் தலைப்பகுதி கழன்று வரும். அங்கே கெ இரண்டுக்கும் நடுவில் நுழையும்: ஓப்கெபெல்ட், அய்த்கெனோடிக்ட், மேகெனோமென். பிரியுமா பிரியாதா என்பதை அழுத்தம் சொல்லிவிடும். தலையில் அழுத்தம் விழுந்தால் பிரியும். வோர்கோமென் என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வோர்’ மேல் அழுத்தம் வைத்தால் ‘அவ்வப்போது நிகழ்’ என்று பொருள், முடிவு வடிவம் வோர்கெகோமென். ‘கோ’ மேல் அழுத்தம் வைத்தால் ‘வராமல் தடு’, முடிவு வடிவம் மாறாமல் வோர்கோமென்.

அலுவலகத்தில் தினமும் வரும் இரண்டு சொல்லைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். ஓன்டெர்தேகெனென் (கையெழுத்திடு) பிரியாது, ஆகவே ஓன்டெர்தேகென்ட், நடுவில் கெ இல்லை. வோர்பெரைடென் (தயார் செய்) பிரியும், ஆனால் உள்ளே ஏற்கெனவே ஒரு பெ இருக்கிறது, அதனால் வோர்பெரைட். ஒப்பந்தத்தின் மேல் ‘ஓன்டெர்கெதேகென்ட்’ என்று எழுதி அனுப்பியவர்கள் உண்டு.

ஜெர்மன் கொஞ்சம் படித்துவிட்டு நெதர்லாந்துக்கு வந்தவர்களுக்கு ஒரு தனிக் கோளாறு. ஜெர்மனில் ‘ஈரென்’ என்று முடியும் வினைகளுக்கு முன்னால் கெ வராது. டச்சில் ‘ஏரென்’ என்று முடியும் அதே வினைகளுக்கு வரும். கெஸ்த்யூடேர்ட் (படித்த), கெரெஸெர்வேர்ட் (முன்பதிவு செய்த), கெபார்கேர்ட் (வண்டியை நிறுத்திய). ஜெர்மன் பழக்கத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

## ‘கெலோப்த்’ என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் திருத்துகிறார்

நட என்பதற்கு லோப்பென். விதிப்படி பார்த்தால் பே மிஞ்சுகிறது, கெலோப்த் வர வேண்டும். வராது, கெலோப்பென்தான். இவை விதிக்கு அடங்காத வினைகள், மனப்பாடம் தவிர வேறு வழி இல்லை. ஆனால் அகர வரிசைப் பட்டியலை உருப்போடாதீர்கள், குடும்பம் குடும்பமாகப் படியுங்கள்.

‘எய்’ ஒலி உள்ள வினைகள் பெரும்பாலும் ‘ஏ’ ஆகும். ஸ்க்ரெய்வென் (எழுது) கெஸ்க்ரேவென், ப்ளெய்வென் (தங்கு) கெப்ளேவென், கெய்க்கென் (பார்) கெகேக்கென், ரெய்டென் (வண்டி ஓட்டு) கெரேடென். ‘இன்’ உள்ளவை ‘ஓன்’ ஆகும். ட்ரிங்க்கென் (குடி) கெட்ரோங்க்கென், வின்டென் (கண்டுபிடி) கெவோன்டென், ஸிங்கென் (பாடு) கெஸோங்கென். மூன்றாவது குடும்பம் சின்னது: ப்ரெங்கென் (கொண்டுவா) கெப்ராக்த், டெங்க்கென் (நினை) கெடாக்த், கோப்பென் (வாங்கு) கெகோக்த், ஸூக்கென் (தேடு) கெஸோக்த். ஒரு நாளைக்கு ஒரு குடும்பம், அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொரு கிளை. இரண்டு வினை சேர்ந்து வரும் வாக்கியத்தில் முடிவு வடிவமே வராது. ‘வேலை செய்ய வேண்டியிருந்தது’ என்பதற்கு ‘இக் ஹெப் மூதென் வெர்க்கென்’. மூதென் என்ற முழு வினை அப்படியே நிற்கும். ஹெப் வந்துவிட்டதே என்று அதற்குக் கெ போட்டால் தப்பு. ‘முடிந்தது’ என்பதற்கான கூனென், ‘கேட்டது’ என்பதற்கான ஹோரென் எல்லாம் இப்படியே நடக்கும்: இக் ஹெப் ஹெம் ஹோரென் ஸிங்கென், அவன் பாடக் கேட்டேன்.

## பெயருக்கு முன்னால் வரும்போது எழுத்து கூடிவிடுகிறது

‘பெரிதாக்கிய படம்’ என்று எழுத வேண்டும். வெர்க்ரோதென் என்ற வினையின் முடிவு வடிவம் வெர்க்ரோத். பெயருக்கு முன் எகரம் சேர்த்தால் வெர்க்ரோதெ ஃபோதோ, ஒரே தே, ஒரே ‘ஓ’. இரண்டு தே போட்டால் அது ‘பெரிதாக்கினான்’ என்ற இறந்தகால வினை ஆகிவிடும். ‘எதிர்பார்த்த முடிவு’ என்பதற்கும் அப்படியே. வெர்வாக்தெ என்று ஒரு தேயோடு எழுதினால் பெயரடை, இரண்டு தேயோடு எழுதினால் ‘எதிர்பார்த்தான்’. பெயருக்கு முன்னால் நின்றால் எவ்வளவு குறைவாக எழுத முடியுமோ அவ்வளவு குறைவாக எழுதுங்கள், வாசிப்பு கெடாத வரைக்கும். இதில் வேறு சிக்கல் இல்லை.

## வாக்கியத்தின் முதல் பாதி சரி, ‘என்’னுக்குப் பிறகு நொண்டுகிறது

நம்மவர்களுடைய டச்சில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இது. புத்தகங்களில் இதற்கு இடம் குறைவு, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். இங்கே ‘என்’ என்பது ‘மேலும்’ என்று பொருள்படும் டச்சு இணைப்புச் சொல்.

‘இக் ஹெப் கெகேதென் என் நார் ஹைஸ் கெகான்.’ சாப்பிட்டேன், வீட்டுக்குப் போனேன் என்று சொல்ல நினைத்து எழுதியது. தமிழில் யோசித்துப் பாருங்கள், ‘சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்’ என்போம். ‘சாப்பிட்டுவிட்டு’வில் யார் என்ற அடையாளம் இல்லை, கடைசி வினையான ‘போனேன்’ ஒன்றே முழு வாக்கியத்தையும் சுமக்கிறது. நமக்கு வினையெச்சம் அவ்வளவு பழக்கம். நாலு வேலையை அடுக்கிவிட்டு கடைசியில் ஒரே ஒரு முற்றுவினை வைத்து முடித்துவிடுவோம். அதே பழக்கத்தில் டச்சிலும் ஒரே துணைவினையை வைத்து எல்லாவற்றையும் நகர்த்தப் பார்க்கிறோம். டச்சு சில இடத்தில் விடும், சில இடத்தில் விடாது.

சோதனைக்கு ஒரு பென்சில் போதும். விட்டுப்போன சொல்லை, அது இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிசாக எழுதுங்கள். மேலே உள்ள வாக்கியத்தில் விட்டது ‘இக் ஹெப்’. நிரப்பினால் ‘இக் ஹெப் நார் ஹைஸ் கெகான்’ என்று வருகிறது. இது தப்பு, கான் (போ) என்ற வினைக்கு ஹெப் வராது, பென்தான் வரும். நிரப்பியதும் இடிக்கிறது என்றால் விடக் கூடாது. ‘இக் ஹெப் கெகேதென் என் பென் நார் ஹைஸ் கெகான்’ என்று எழுதுங்கள். ‘இக்’ தேவையில்லை, ‘பென்’ கட்டாயம்.

‘இக் ஹெப் கெகோக்த், கெகேதென் என் கெஸ்லாப்பென்.’ சமைத்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். (இந்தக் கெகோக்த் சமை என்ற வினையின் வடிவம், தமிழில் எழுதும்போதுதான் ‘வாங்கிய’ கெகோக்த் போலத் தெரிகிறது.) நிரப்பிப் பாருங்கள், மூன்றுக்கும் ஹெப் பொருந்துகிறது. தாராளமாக விடலாம். ஒவ்வொன்றுக்கும் ‘இக் ஹெப்’ என்று திரும்பத் திரும்ப எழுதினால்தான் சின்னப் பிள்ளைகளின் கட்டுரை மாதிரி இருக்கும்.

எந்த வினைக்கு ஹெப், எதற்கு பென் என்று தெரியாமல் இந்தச் சோதனை செய்ய முடியாதே என்று கேட்பீர்கள். பென் கூட்டம் சின்னது. ஓர் இடத்துக்குப் போவது, வருவது. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது: கெவோர்டென் (ஆன), கெஸ்தோர்வென் (இறந்த), வெர்ஹைஸ்ட். இவற்றோடு கெப்ளேவென், பெகோனென் (தொடங்கிய), கெவேஸ்த் (இருந்த), கெப்யோர்ட். சில வினைகள் இரண்டு பக்கமும் நிற்கும். சும்மா சைக்கிள் ஓட்டினேன் என்றால் ‘இக் ஹெப் கெஃபீத்ஸ்த்’. யூத்ரெக்த்துக்கு ஓட்டிப் போனேன் என்றால் ‘இக் பென் நார் யூத்ரெக்த் கெஃபீத்ஸ்த்’. சேருமிடம் சொன்னால் பென்.

பென்சிலால் நிரப்பியும் சொல் பொருந்துகிறது, ஆனாலும் டச்சுக்காரர் முகம் சுளிக்கிறாரா? அடுத்ததாகப் பார்க்க வேண்டியது, அந்தச் சொல் இரண்டு இடத்திலும் ஒரே வேலையைச் செய்கிறதா என்பது. ‘ஸெய் இஸ் இன் லெய்டென் கெபோரென் என் தான்த்ஆர்த்ஸ்.’ அவர் லெய்டனில் பிறந்தவர், பல் மருத்துவர். முதல் ‘இஸ்’ பிறந்த என்ற வடிவத்துக்குத் துணைவினை. இரண்டாவது ‘இஸ்’ அவர் யார் என்று சொல்லும் வினை. உருவம் ஒன்று, வேலை வேறு. ஆகவே ‘என் இஸ் தான்த்ஆர்த்ஸ்’ என்று மறுபடி எழுத வேண்டும்.

வினைக்கு மட்டும் அல்ல, பெயருக்கும் இதுவே. ‘டித் ஹைஸ் ஹெப் இக் இன் 2019 கெகோக்த் என் இஸ் தெ க்ளெய்ன்.’ இந்த வீட்டை 2019-இல் வாங்கினேன், தேவைக்குப் போதாமல் சின்னதாக இருக்கிறது. முதல் பாதியில் வீடு செயப்படுபொருள், ‘வீட்டை’. இரண்டாம் பாதியில் எழுவாய், ‘வீடு’. தமிழில் வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டு இந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். டச்சில் இரண்டும் ‘டித் ஹைஸ்’தான், அதனால் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. டச்சு வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஒரு பாதியில் ‘ஐ’ உருபு வந்து மற்றொன்றில் வராவிட்டால் விடக் கூடாது. ‘என் ஹெத் இஸ் தெ க்ளெய்ன்’ என்று ஒரு ஹெத் போட்டால் தீர்ந்தது. நம் கையில் இருக்கும் இந்த உருபு டச்சுப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒரு கருவி, அதைப் பயன்படுத்துங்கள்.

நேரத்தைச் சொல்லித் தொடங்கும் வாக்கியத்திலும் கவனம் வேண்டும். ‘கிஸ்தெரென் பென் இக் நார் டெ மார்க்த் கெகான் என் ஹெப் விஸ் கெகோக்த்.’ நேற்று சந்தைக்குப் போய் மீன் வாங்கினேன். ‘கிஸ்தெரென்’ முன்னால் வந்ததால் ‘இக்’ வினைக்குப் பின்னால் போய்விட்டது, பின்னால் இருப்பதை விட்டால் வாக்கியம் தொங்குகிறது. பேச்சில் டச்சுக்காரர்களும் விடுவார்கள். எழுத்தில் ‘என் ஹெப் இக் விஸ் கெகோக்த்’ என்று இக்கைத் திரும்பப் போடுங்கள், ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

## பாதிச் சொல்லை விட்ட இடத்தில் சிறுகோடு

ரயில் நிலையத்தில் தினமும் பார்ப்பது: ‘இன்- என் அய்த்செக்கென்’. அட்டையை உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் காட்டுவது. இன்செக்கென், அய்த்செக்கென் என்ற இரண்டு சொல்லின் பொதுப் பாதியை ஒருமுறைதான் எழுதியிருக்கிறார்கள், விட்ட இடத்தில் சிறுகோடு நிற்கிறது. ‘வோர்- என் நாடேலென்’ (நன்மை தீமைகள்), ‘ஸோன்- என் ஃபேஸ்த்டாகென்’ (ஞாயிறும் விடுமுறை நாட்களும்) எல்லாம் இதே வகை. முடிவு வடிவத்திலும் செய்யலாம்: ‘இன்- என் அய்த்கெசெக்த்’.

சிறுகோடு விட்டுப்போவது சின்னத் தப்பு. அதைவிட அதிகம் நடப்பது வேண்டாத இடத்தில் போடுவது. ‘ரோடெ என் வித்தெ வெய்ன்’, சிவப்பும் வெள்ளையுமான ஒயின். இங்கே விட்டது முழுச் சொல், ஒட்டியிருந்த பாதி அல்ல. கோடு வராது. ஒரே தொடரில் இரண்டு வகையும் கலந்து வரலாம். ‘ஓப்பென்பாரெ என் ப்ரிவேஸ்கோலென்’, அரசுப் பள்ளியும் தனியார் பள்ளியும். ஓப்பென்பாரெ தனிச்சொல், கோடு இல்லை. வரிசையைத் திருப்பினால் ‘ப்ரிவே- என் ஓப்பென்பாரெ ஸ்கோலென்’, ப்ரிவே ஒட்டுச்சொல்லின் பாதி, கோடு உண்டு. சேர்த்து எழுதுவோமா பிரித்து எழுதுவோமா என்று மட்டும் பாருங்கள்.

கெ என்ற முன்னொட்டை மட்டும் பொதுவாக்கி விட முடியாது. ‘கெகோக்த் என் கெபாக்கென்’ (சமைத்ததும் பொரித்ததும்) என்பதில் இரண்டாவது கெ இருந்தே ஆக வேண்டும்.

## தப்பே இல்லாததைத் திருத்தாதீர்கள்

‘டாத் இக் கெவெர்க்த் ஹெப்’, ‘டாத் இக் ஹெப் கெவெர்க்த்’, நான் வேலை செய்தேன் என்று. டாத் போன்ற சொல்லுக்குப் பின் வரும் துணைவாக்கியத்தில் துணைவினை முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். முடிவு வடிவம் முதலில் வந்தால் பச்சை வரிசை, துணைவினை முதலில் வந்தால் சிவப்பு வரிசை என்று டச்சுக்காரர்கள் சொல்வார்கள். இரண்டும் சரி. சிவப்பு என்ற பெயரைப் பார்த்துத் தப்பு என்று நினைத்து நல்ல வாக்கியத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

## எப்போது வேறு ஆளிடம் போக வேண்டும்

ஒரு சொல்லின் எழுத்து மட்டும் சந்தேகம் என்றால் யாரிடமும் போக வேண்டாம். டச்சு மொழி ஒன்றியமான தால்யூனி நடத்தும் அதிகாரபூர்வச் சொற்பட்டியல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதன் அச்சு வடிவம்தான் பச்சைப் புத்தகம் எனப்படும் க்ரூனெ பூக்யெ. வினையைத் தட்டினால் முடிவு வடிவம் வரும். எழுத்துத் திருத்தும் மென்பொருளை நம்புவதைவிட இதை நம்புங்கள்.

வாக்கியத்தில் ஒரு சொல்லை விடலாமா கூடாதா என்று பென்சில் சோதனையிலும் தெளியவில்லை என்றால், 1931 முதல் இருக்கும் ஓன்ஸெ தால் என்ற மொழிச் சங்கத்தின் ஆலோசனைப் பக்கங்களைப் பாருங்கள். விட்டெழுதுவது பற்றி எடுத்துக்காட்டோடு விளக்கியிருக்கிறார்கள்.

ஒரே தப்பு மூன்று கடிதத்தில் தொடர்ந்து வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு மனிதரைத் தேடுங்கள். பல ஊர்களில் பொது நூலகத்திலேயே தால்ஹைஸ் என்ற மொழி உதவி மையம் உண்டு. தன்னார்வலர்கள் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். கட்டணம் கட்டிச் சேரும் வகுப்பு அதற்கு அடுத்த படி. 2022 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கும் குடியமர்வுச் சட்டம் பலரிடம் பே-1 நிலையை (ஐரோப்பிய மொழித் தரத்தில் பி-1) எதிர்பார்க்கிறது, முன்பு அதற்குக் கீழே உள்ள ஆ-2 (ஏ-2) போதுமாக இருந்தது. அந்த நிலைக்கு எழுதப் போகிறவர் ‘என்’னுக்குப் பிறகு நொண்டும் வாக்கியத்தை வகுப்பு ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்வது நல்லது. தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே போங்கள், முந்தின வாரம் அல்ல.

அரசு அலுவலக முடிவை எதிர்த்து எழுதும் பெஸ்வார்ஸ்க்ரிஃப்த், வேலை ஒப்பந்தம், வாடகைத் தகராறு இவை வந்தால் இந்தச் சோதனைகள் எதுவும் போதாது. அங்கே ‘பெதால்ட்’டா ‘பெதால்த்’தா என்பது பெரிய விஷயமில்லை. யார் கட்டினார், யார் கட்ட வேண்டும் என்பதை ஒரு விட்டுப்போன சொல் மாற்றிவிடக்கூடும், பதில் அனுப்ப வேண்டிய கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும். யூரிடிஸ் லோகெத் என்ற இலவசச் சட்ட உதவி மையத்துக்குக் கடிதத்தையும் உறையையும் எடுத்துக்கொண்டு போங்கள். உறையை வைத்திருப்பது நல்லது, அதில் அஞ்சல் முத்திரைத் தேதி இருக்கலாம்.